காணாத அசுத்தமும் வாணிப நாணயமும்

வாணிபத்தில் குறை இருவகைப்படும். விற்பவர் அறிந்து, வாங்குபவர் அறியாத குறை ஒன்று. விற்பவரும் அறியாமல், வாங்குபவரும் அறியாமல், சரக்குக்குள்ளேயே ஒளிந்து கிடக்கும் குறை மற்றொன்று.

முதல்வகைக் குறையைப் பற்றி நம் மார்க்கத்தில் ஐயத்துக்கு இடமே இல்லை. மதீனா நகரத்துக் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றினுள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் திருக்கரத்தை நுழைத்துப் பார்த்ததும், உள்ளே ஈரம் தட்டுப்பட்டதும், மழையில் நனைந்துவிட்டதென்று அவ்வணிகர் சமாதானம் சொன்னதும், நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று அவர்கள் கேட்டதும், ஏமாற்றுவோரைத் தம்மவர் கூட்டத்திலிருந்தே விலக்கிப் பேசியதும் நம் வீட்டுச் சிறுவர்களும் அறிந்த செய்தி.

ஆனால் ஒன்று கேட்போம். அக்குவியலில் ஈரம் இருப்பது விற்பவருக்குத் தெரிந்திருந்தது. கையை நுழைத்தால் யாருக்கும் தெரியக்கூடியதாகவும் இருந்தது. கையை நுழைத்தாலும் தெரியாத ஈரம் ஒன்று இருக்குமானால், அங்கே நாணயம் என்பது எது? ‘எனக்குத் தெரியாது’ என்ற ஒரு சொல் விற்பவரைக் காப்பாற்றிவிடுமா?

இது வெறும் தர்க்கத்துக்காகக் கேட்கும் கேள்வியன்று. கம்போங் மேடானிலும், பிரிக்பீல்ட்ஸிலும், கிள்ளானிலும் நம்மவர் பலர் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நாற்காலியில் அமர்கிறார்கள். அவர்களுக்கு இரத்தம் ஊறுவதற்கு எரித்ரோபொயட்டின் என்னும் ஊசி போடப்படுகிறது. மார்பகப் புற்றுநோய் கண்ட தாய்மார் சிலருக்கு டிராஸ்டுசுமாப் என்னும் மருந்து ஏற்றப்படுகிறது. இவை வேரிலிருந்தோ, உப்பிலிருந்தோ செய்யும் மருந்துகள் அல்ல. உயிருள்ள விலங்குச் செல்களைப் பெரிய எஃகுக் கொப்பரைகளில் வளர்த்து, அவை சுரக்கும் புரதத்தைப் பிரித்தெடுத்துச் செய்பவை. உயிருள்ளது எதுவோ அதில் வைரஸ் என்னும் நச்சுயிரும் தங்கலாம். அந்த வைரஸுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கையை நுழைத்தாலும் தட்டுப்படாத ஈரம் அதுவே.

பாவம் வேறு, பொறுப்பு வேறு

இவ்வகை மருந்துகள் தோன்றுவதற்கு முன்பே, 1955-ஆம் ஆண்டில், இக்கேள்வி ஒரு நீதிமன்றத்தின் வாசலுக்கு வந்தது. அமெரிக்க நாட்டில் இளம்பிள்ளை வாதத்துக்குத் தடுப்பூசி முதன்முதலாகப் பரவலாகப் போடத் தொடங்கிய காலம். வைரஸை வளர்த்து, பார்மலினில் ஊறவைத்துக் கொன்று, அதனையே ஊசி மருந்தாக்குவது அம்முறை. கலிபோர்னியாவின் பெர்க்கிலி நகரிலிருந்த கட்டர் லாபரட்டரீஸ் என்னும் கம்பெனி செய்த சில தொகுதிகளில் வைரஸ் முழுவதும் சாகவில்லை. ஏறத்தாழ 40,000 குழந்தைகளுக்கு இலேசான நோய் கண்டது. சுமார் 200 பேருக்குக் கைகால் முடங்கியது. பத்துப் பேர் இறந்தனர்.

சோதனை செய்யாமலா விற்றார்கள்? சோதனை செய்தார்கள். ஆனால் அச்சோதனை போதிய கூர்மை உடையதாக இல்லை. அன்றியும், அக்காலத்து விதிப்படி, விற்பனைக்கு அனுப்ப விரும்பிய தொகுதிகளின் முடிவை அரசுக்குக் காட்டினால் போதும். சோதனையில் தோற்றுப்போன தொகுதிகள் எத்தனை என்று சொல்ல வேண்டியதில்லை. நல்ல கணக்கேட்டை மட்டும் காட்டுவதற்கு விதியே வழிவிட்டிருந்தது.

பாதிக்கப்பட்ட குழந்தைகளின் பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 1958-ஆம் ஆண்டு ஜனவரியில் ஜூரிகள் வழங்கிய முடிவு நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. கம்பெனி அசட்டையாக நடந்துகொண்டதாக அவர்கள் சொல்லவில்லை. எனினும், நோய் தராத மருந்து என்ற உறுதி அதன் விற்பனையிலேயே அடங்கியிருந்தது, அவ்வுறுதி பொய்த்துவிட்டது, ஆகவே நஷ்டஈடு கொடுத்தாக வேண்டும் என்றனர். குற்றம் இல்லை, ஆனால் பொறுப்பு உண்டு என்பது அதன் சாரம்.

அந்நாட்டுச் சட்டத்தார் பலருக்கு இது புதுமையாகத் தோன்றியது. நமக்கோ புதுமையன்று. நம் பிக்ஹு நூல்களில் ‘கியாருல் ஐப்’ என்றொரு பாடம் உண்டு. வாங்கிய சரக்கில் விற்பனைக்கு முன்பே இருந்த குறை பின்னர் வெளிப்பட்டால், அதனைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு இருக்கிறது. குறை விற்றவருக்குத் தெரியுமா, தெரியாதா என்பதைப் பொறுத்ததன்று அவ்வுரிமை. தெரிந்து மறைத்தவர் பாவியாகிறார். தெரியாமல் விற்றவர் பாவியல்லர். ஆயினும் சரக்கைத் திரும்பப் பெற்றுக்கொள்ளக் கடமைப்பட்டவர். பாவத்தையும் பொறுப்பையும் இரண்டு தனித்தனிக் கணக்காக எழுதி வைத்தது ஷரீஅத்தின் நுட்பம் என்க.

துணியில் கிழிசல் இருந்தால் திருப்பிக் கொடுக்கலாம். அரிசியில் புழு இருந்தால் மூட்டையோடு அனுப்பிவிடலாம். உடம்புக்குள் ஏறிய மருந்தை யார் திருப்பிக் கொடுப்பது? முடங்கிய காலுக்குப் பதில் வேறு கால் தருவார் யார்? திருப்பிக் கொடுக்க இயலாத சரக்கில், பொறுப்பு என்பது விற்ற பிறகு தொடங்கினால் பயனில்லை. விற்பதற்கு முன்பே அது நிறைவேற வேண்டும்.

தேடியது மட்டுமே கிடைக்கும்

“அப்படியானால் நன்றாகச் சோதித்துப் பார்த்துவிட்டு விற்கலாமே” என்று சொல்லத் தோன்றும். சோதனை வேண்டியதுதான். ஆனால் எந்தச் சோதனையும் தான் தேடுவதையே கண்டுபிடிக்கும். தேடாததைக் கண்டுபிடிக்காது.

இதற்கு வெளிநாட்டுக்குப் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. 1998-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் கண்டது. பின்னர் அது நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் எண்ணினார்கள். கொசுவுக்குப் புகை அடித்தார்கள். அந்நோய்க்குரிய தடுப்பூசியும் போட்டார்கள். சாவு நிற்கவில்லை. 1999-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்து டாக்டர் சுவா காவ் பிங், நோயாளி ஒருவரிடமிருந்து அதுவரை உலகம் அறியாத வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தார். சுங்கை நீப்பா என்னும் சிற்றூரின் பெயரால் அது ‘நீப்பா’ எனப்பட்டது. நம் நாட்டில் 265 பேரைப் பீடித்து 105 பேரைக் கொண்டுபோயிற்று. பதினோரு லட்சம் அளவுக்குப் பன்றிகள் அழிக்கப்பட்டன.

அந்த ஆராய்ச்சிக் கூடம் நம் கம்போங் மேடானுக்கு வெகு தொலைவில் இல்லை. கற்றவர்களும், கருவிகளும், அரசும் விழித்திருந்தும், பெயர் தெரியாத பகைவனை இனம் காண மாதங்கள் பிடித்தன. அப்படியிருக்க, மருந்துக் கொப்பரையில் பெயர் தெரியாத வைரஸ் ஒன்று நுழைந்துவிட்டால் சோதனைச்சாலை அதனை உடனே பிடித்துவிடும் என்று நம்பி உட்காரலாமா? ஆகவேதான் மருந்து செய்வோர் வேறொரு வழியையும் கைக்கொண்டார்கள். வைரஸ் இருக்கிறதா என்று தேடுவதோடு நில்லாமல், இருந்தே தீரும் என்று வைத்துக்கொண்டு, அதனை நீக்கும் படிகளைத் தயாரிப்பிலேயே அமைத்துவிடுவது.

பெரிய துளையில் சிறிய திருடன்

டிராஸ்டுசுமாப் போன்ற மருந்துகள், சீன நாட்டு வெள்ளெலி வகை ஒன்றின் சூற்பையிலிருந்து 1957-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்க விஞ்ஞானி தியோடர் பக் வளர்த்தெடுத்த செல்லின் வழித்தோன்றல்களில் செய்யப்படுகின்றன. அச்செல்கள் பிறவியிலேயே வைரஸ் போன்ற துகள்களைச் சுரப்பவை. அவை மனிதருக்கு நோய் தருவதாக அறியப்படவில்லை. ஆயினும் அவற்றையும், வெளியிலிருந்து நுழையக்கூடிய வேறு வைரஸ்களையும் நீக்கியாக வேண்டும். அதற்குப் படிகள் பல. புளிப்பு மிகுந்த திரவத்தில் ஒரு மணி நேரம் வைத்து வைரஸின் மேலுறையைக் குலைப்பது ஒன்று. மிக நுண்ணிய துளைகளையுடைய வடிகட்டியில் செலுத்தி உருவத்தின் அளவால் தடுப்பது ஒன்று. இவ்விரண்டுக்கும் துணையாக நிற்பது சவ்வுக் குரோமட்டோகிராபி என்னும் முறை.

இம்முறையின் விந்தையைப் பாருங்கள். இந்தச் சவ்வு மெல்லிய தாள் போன்றது; பல அடுக்குகளாகச் சுருட்டி ஒரு கூட்டுக்குள் வைக்கப்படுவது. அதிலுள்ள துளைகள் சில வகைகளில் மூன்று மைக்ரான் அளவுக்கு இருக்கும். தடுக்க வேண்டிய வைரஸ்களில் சிறியது ஒரு மில்லிமீட்டரை 50,000 பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான். துளை வைரஸைவிட நூறு மடங்குக்கும் மேல் பெரிது! கோட்டை வாசல் அகலத் திறந்து கிடக்கிறது, திருடனோ எறும்பளவு. பின் எப்படிப் பிடிக்கிறது?

மின்னேற்றத்தால் பிடிக்கிறது. சவ்வின் சுவர்களில் நேர் மின்னேற்றம் உடைய அணுக்கூட்டங்களை நிலையாகப் பதித்திருக்கிறார்கள். மருந்துத் திரவத்தின் புளிப்பும் காரமும் சரியான நிலையில் இருந்தால், மருந்தாகிய புரதமும் நேர் மின்னேற்றம் கொண்டிருக்கும். ஒத்த மின்னேற்றங்கள் ஒன்றையொன்று தள்ளும் ஆதலின், மருந்து தடையின்றிக் கடந்து போய்விடும். வைரஸ்களில் பலவும், செல்லிலிருந்து சிதறிய மரபுப் பொருளும், வேறு சில அழுக்குகளும் எதிர் மின்னேற்றம் கொண்டவை. அவை சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

முன்னிருந்த முறையில் சிறு மணிகளை உயரமான குழாயில் நிரப்பி, திரவத்தை மெதுவாகச் செலுத்துவார்கள். வைரஸ் உருவத்தில் புரதத்தைவிடப் பெரியது. மணியின் உட்துளைகளுக்குள் புக முடியாமல் மேற்பரப்பில் மட்டுமே ஒட்டும். சவ்விலோ ஓடும் திரவமே வைரஸைச் சுவரருகில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. வேலை விரைவில் முடிகிறது. முடிந்ததும் அச்சவ்வை எறிந்துவிடலாம். கழுவி மறுபடி பயன்படுத்தினால் பழைய அழுக்கு புதிய மருந்தில் ஏறுமோ என்ற கவலை இல்லை.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. திரவத்தில் உப்பு மிகுந்துவிட்டால், உப்பின் மின்துகள்கள் சுவரை மூடிக்கொள்ளும். அதே சவ்வுதான், அதே ஆலைதான், அதே ஆட்கள்தான். வைரஸ் மட்டும் கைநழுவிப் போய்விடும். உப்பு மிகுந்த நிலையிலும் பிடிக்கவல்ல சவ்வுகளும் பின்னர் வந்திருக்கின்றன. அவற்றுக்கும் அவற்றின் வரம்பு உண்டு. ஆகவே “எங்களிடம் சவ்வு இருக்கிறது” என்பது ஒரு பதிலே ஆகாது. எந்த நிலையில் அது வேலை செய்கிறது, எந்த நிலையில் செய்யாது என்று அறிந்து, ஒவ்வொரு தடவையும் அந்நிலையைக் காத்திருக்கிறோம் என்பதே பதில். நேர்மையான ஒருவரைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டு, கணக்கே பாராமல் இருக்கும் முதலாளி, சவ்வை வாங்கிவிட்டு உப்பைப் பாராத ஆலைக்காரருக்குச் சமம்.

தாமே நஞ்சைக் கலந்து பார்த்தல்

இந்தப் படி உண்மையில் வைரஸை நீக்குகிறதென்று எவ்வாறு அறிவது? ஆலையின் மருந்தில் வைரஸைக் கலக்க முடியாது. ஆகவே தனியானதோர் ஆராய்ச்சிக் கூடத்தில், ஆலையின் முறையைச் சிறிய அளவில் அப்படியே அமைத்து, அறிந்த வைரஸ் பலவற்றை வேண்டுமென்றே ஏராளமாகக் கலந்து செலுத்துகிறார்கள். உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று எண்ணுகிறார்கள். பதினாயிரத்தில் ஒன்றுக்கு மேல் தப்பவில்லையென்றால் அப்படி பயனுள்ள படி எனப்படும். தன் வேலையில் குறையே இல்லை என்று நம்பிக் கிடப்பவர் இச்சோதனையைச் செய்யமாட்டார். தன் வேலைமீது தானே குற்றம் சாட்டி, தானே சாட்சி தேடுபவரே செய்வார்.

அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் ஆகிய இடங்களின் மருந்து அதிகாரிகளும் மருந்து செய்வோரும் கூடி 1997-இல் வகுத்து, 2023-இல் திருத்திய ‘கியூ5ஏ’ என்னும் நெறிமுறை இதற்கு உண்டு. அதில் நம் மனத்தைக் கவரும் செய்திகள் இரண்டு.

முதலாவது, ஒரே விதத்தில் வேலை செய்யும் இரண்டு படிகளை இரண்டாகக் கூட்டிக் கணக்குக் காட்டுவது ஏற்புடையதன்று. முதற் படியில் தப்பிய வைரஸ், அதே மாதிரியான இரண்டாம் படியிலும் தப்பலாம் அன்றோ? புளிப்பால் கொல்வது, மின்னேற்றத்தால் பிடிப்பது, அளவால் தடுப்பது என்று வெவ்வேறு வழிகளாக இருந்தால்தான் அவை வெவ்வேறு காவல்கள். கடன் கொடுத்தால் எழுதி வைத்துச் சாட்சிகளையும் வைக்கும்படி நம் வேதம் பணிக்கிறது. ஒருவர் சொன்னதைக் கேட்டுவிட்டு மற்றவரும் அதையே சொன்னால், அங்கே இருப்பது இரண்டு சாட்சிகளா? ஒருவரின் எதிரொலிதானே!

இரண்டாவது, அந்நெறிமுறை “வைரஸ் அறவே இல்லை” என்று சொல்லும்படி கேட்கவில்லை. கணக்குச் சொல்லும்படி கேட்கிறது. ஒரு வேளை மருந்துக்கு வேண்டிய கச்சாத் திரவத்தில் 100 கோடி துகள்கள் இருப்பதாகவும், எல்லாப் படிகளும் சேர்ந்து ஒன்றுக்குப் பின் 15 சுழி போட்ட எண்ணால் அதனைக் குறைப்பதாகவும் வைத்துக்கொண்டால், பத்து லட்சம் வேளை மருந்தில் ஒரு துகள் இருக்கலாம் என்பது விடை. இதுவே அந்நூலில் உள்ள உதாரணம். சுழி என்று எழுதிவிட ஆசை இருக்கும். ஆனால் சுழி என்பது அல்லாஹ் மட்டுமே அறிந்த கணக்கு. மனிதன் தான் அளந்ததை அளந்தவாறு சொல்வதே மெய்.

நம் கடைகளில் “சுத்தமான நெய்”, “கலப்படமற்ற தேன்” என்று பலகை எழுதுகிறோம். அச்சொல்லுக்கு நாம் செய்த வேலை என்ன? எங்கே வாங்கினோம், யார் பார்த்தார், எதனால் அறிந்தோம் என்று கேட்டால் சொல்ல நம்மிடம் ஏதேனும் உண்டா? உண்டென்றால் அப்பலகை ஒரு சாட்சி. இல்லையென்றால் அது ஓர் ஆசை. ஆசையைச் சரக்கென்று விற்பது எங்ஙனம் நாணயமாகும்?

பழைய சரக்கின் கதை

இதுகாறும் அறியாமையைப் பற்றிப் பேசினோம். அறிந்த பின் நடந்ததையும் பேசியாக வேண்டும். அது நம் நாட்டையும் தொட்டது.

ஹீமோபிலியா என்னும் இரத்தம் உறையா நோயுடையவர்களுக்கு, பலருடைய இரத்தத்திலிருந்து எடுத்த ‘எட்டாம் காரணி’ என்னும் புரதத்தை ஊசியாகப் போடுவர். 1980-களின் தொடக்கத்தில் அம்மருந்தின் வழியாக எய்ட்ஸ் வைரஸ் ஆயிரக்கணக்கானோரை அடைந்தது. மருந்தைச் சூடுபடுத்தினால் அந்த வைரஸ் அழியும் என்று பின்னர் தெரிந்தது. முன்பு நாம் சொன்ன அதே கட்டர், அப்பொழுது பேயர் கம்பெனியின் ஒரு பிரிவாகிவிட்டது. 1984 பிப்ரவரியில் அமெரிக்காவில் சூடுபடுத்திய மருந்தை விற்கத் தொடங்கிற்று. ஆனால் அதற்குப் பின்னும் ஓராண்டுக்கு மேல், சூடுபடுத்தாத பழைய மருந்தை ஆசியாவுக்கும் தென்னமெரிக்காவுக்கும் விற்றதாக, கம்பெனியின் பழைய தஸ்தாவேஜுகளைக் கொண்டு நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை 2003-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியிட்டது. அந்நாடுகளின் வரிசையில் மலேசியாவும் இருந்தது. ஹாங்காங் விநியோகஸ்தர் புதிய மருந்தைக் கேட்டபொழுது, கையிருப்பைத் தீர்த்துவிட்டு வாங்கும்படி பதில் வந்ததாம். அன்றைய அறிவுக்கேற்பப் பொறுப்புடன்தான் நடந்துகொண்டோம் என்பது பேயர் சொன்ன மறுமொழி.

வணிகர்களாகிய நமக்கு இக்கதையில் ஒரு சொல் மிகவும் பழக்கமானது: கையிருப்பு. புதிய சரக்கு வந்துவிட்டது, பழையது கிடங்கில் கிடக்கிறது, முதலைப் போட்டாகிவிட்டது, அதனை எங்கேயாவது தள்ளிவிட வேண்டும். தெரிந்த வாடிக்கையாளருக்குப் புதியதைக் கொடுத்து, தெரியாதவருக்குப் பழையதைக் கட்டிவிடும் சபலம் எந்தக் கடைக்காரருக்கு ஒருமுறையேனும் வந்ததில்லை? இக்கதையில் தெரியாதவராக நின்றவர்கள் நம் நாட்டார். தூரத்தில் இருப்பவன், கேட்கத் தெரியாதவன், ஏழை ஆகிய இவர்களுக்கு விற்கும் பொழுதுதான் ஒருவரின் தராசு எத்தகையதென்று தெரிகிறது.

1955-இல் நிகழ்ந்ததற்கும் 1984-இல் நிகழ்ந்ததற்கும் உள்ள வேறுபாட்டை நாம் மறக்கலாகாது. முன்னதில் கண்ணுக்கு எட்டாதது இருந்தது. பின்னதில் கண்ணுக்கு எட்டிய பின்னும் அனுப்பப்பட்டது. வைரஸ் எவ்வளவு சிறியதாயினும் அதனை நீக்க வழி தெரிந்த நாளிலிருந்து, நீக்காமல் விற்பவரின் கணக்கு பொறுப்பு ஏட்டிலிருந்து பாவ ஏட்டுக்கு மாறிவிடுகிறது. நீக்கும் வழி தெரிந்ததும் நம் கடமை பெருகுகிறது, குறைவதில்லை.

ஹலால் என்ற முத்திரை

இவ்விடத்தில் நம்மவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “மருந்து ஹலாலா என்று பார்த்தால் போதாதா?” இரண்டும் வேறு வேறு கேள்விகள். இரண்டையும் கேட்க வேண்டும்.

2010-ஆம் ஆண்டில் குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கான ‘ரோட்டாரிக்ஸ்’ என்னும் சொட்டு மருந்தில் பன்றியைப் பீடிக்கும் வைரஸ் ஒன்றின் அடையாளம் இருப்பதை, புதியதொரு முறையால் ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். செல்களை வளர்க்கப் பயன்படும் டிரிப்சின் என்னும் பன்றியின் செரிமானப் பொருளிலிருந்து அது வந்திருக்க வேண்டும் என்று கருதப்பட்டது. அமெரிக்க அதிகாரிகள் மார்ச்சில் அம்மருந்தை நிறுத்தி வைத்து, அந்த வைரஸ் மனிதருக்குத் தீங்கு செய்வதாகத் தெரியவில்லை என்று மே மாதத்தில் மறுபடி அனுமதித்தார்கள். தீங்கு உண்டா என்ற கேள்விக்கு அது பதில். மார்க்கத்தில் ஆகுமா, உருமாற்றத்தால் தூய்மையாகுமா, நிர்ப்பந்தத்தில் அனுமதி உண்டா என்ற கேள்விகளுக்கு ஆலிம்களிடமே பதில் கேட்க வேண்டும். ஹலால் மருந்துகளுக்கென்று எம்எஸ் 2424 என்னும் தரநிர்ணயத்தை நம் நாடு 2012-இல் வகுத்ததும் அதன் பொருட்டே.

ஆனால் ஹலால் முத்திரை இருக்கிறதென்பதால் வைரஸ் போய்விடாது. வைரஸ் போய்விட்டதென்பதால் ஹராம் ஹலாலாகிவிடாது. ஒளூவுக்குரிய தண்ணீரின் நிறம், மணம், சுவை மாறியதா என்று பார்க்கக் கற்றுக்கொடுத்த மார்க்கம், தீங்கு செய்யலாகாது என்றும் கற்றுக்கொடுத்திருக்கிறது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பது மார்க்கத்தையே விளம்பரப் பலகையாக்குவதாகும்.

செலவு யார் தலையில்?

“இத்தனை படிகளும் இருந்தால் மருந்தின் விலை ஏறாதா? ஏழை எப்படி வாங்குவான்?” என்பது நியாயமான கேள்வி. ஒருமுறை பயன்படுத்தி எறியும் சவ்வு மலிவானதன்று. ஆனால் அது இல்லாவிட்டால் வரும் செலவையும் பாருங்கள். 2009-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரத்து ஜென்சைம் ஆலையின் கொப்பரைகளில் ஒரு வைரஸ் நுழைந்தது. மனிதருக்கு நோய் தருவதாக அறியப்படாத வைரஸ்தான் அது. ஆயினும் ஆலையை நிறுத்திக் கழுவ வேண்டியதாயிற்று. அரிய பரம்பரை நோய்களுக்கு அங்கிருந்து வந்துகொண்டிருந்த மருந்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, நோயாளிகள் அளவைக் குறைத்துக்கொள்ள நேர்ந்தது. சுத்தத்தில் மிச்சம் பிடித்தால் அந்த மிச்சத்தைக் கடைசியில் நோயாளி கட்டுகிறான். விலையைக் குறைக்க வேறு வழிகள் உண்டு. இலாபத்தைக் குறைக்கலாம், இடைத்தரகைக் குறைக்கலாம், பெங்களூரின் பையோகான், 2014-இல் டிராஸ்டுசுமாப்புக்கு ஒப்பான மருந்தை இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது போல, போட்டியைப் பெருக்கலாம். ஏழைக்கு மலிவாகக் கொடுப்பது தருமம். ஏழைக்கு அசுத்தத்தை மலிவாகக் கொடுப்பது தருமமாகாது.

நம் கடைக்கு என்ன?

நம்மில் மருந்து ஆலை வைத்திருப்போர் இல்லாமல் இருக்கலாம். மருந்துக்கடை, மளிகைக்கடை, மொத்தக் கிடங்கு வைத்திருப்போர் பலர் உண்டு. ஆலையிலே பதினைந்து சுழிகளைக் கடந்து வந்த மருந்து, கடைசியில் நம் குளிர்ப்பெட்டியில் வந்து நிற்கிறது. இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் வைக்க வேண்டிய ஊசியை, மின்சாரம் நின்ற இரவுக்குப் பின்னும் ஒன்றும் நடவாதது போல் விற்றுவிட்டால், அத்தனை பேரின் உழைப்பும் நம் வாசலில் வீணாகிறது. அதுவும் காணாத குறைதான்.

பெயர் தெரியாத ‘சக்தி மருந்து’, ‘மூட்டுவலி லேகியம்’ முதலியவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெட்டாலிங் ஜெயாவில், நமக்கு அண்மையிலேயே இருக்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை, இத்தகைய சரக்குகள் பலவற்றில் ஸ்டீராய்டு முதலிய மறைமருந்துகள் கலந்திருப்பதைப் பலமுறை கண்டு எச்சரித்திருக்கிறது. பதிவு எண்ணாகிய ‘எம்ஏஎல்’ இல்லாத டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டு, “உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது” என்பது எத்தகைய பதில்? தெரியாது என்பதே அதனை விற்காமலிருப்பதற்குரிய காரணமன்றோ? மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர் விளைவுக்குப் பொறுப்பாளி என்பது நபிவழி காட்டும் நெறி. அறியாமல் மருந்து விற்பவருக்கும் அதில் படிப்பினை உண்டு.

ஆகவே, சரக்கின் குறையைக் கண் காணக்கூடிய இடத்தில் நாணயம் என்பது வாயில் இருக்கிறது; உள்ளதைச் சொன்னால் போதும். கண் காண முடியாத இடத்திலோ நாணயம் கையில் இருக்கிறது; செய்யும் முறையிலும், வைக்கும் முறையிலும், தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் முறையிலும் இருக்கிறது. வாங்குபவர் பாரார், அதிகாரி பாரார், விற்பவரே பார்க்க முடியாது. அப்பொழுதும் உப்பின் அளவைச் சரிபார்த்து, குளிர்ப்பெட்டியின் சூட்டைக் குறித்துவைத்து, தோற்ற தொகுதியைத் தோற்றதென்றே எழுதிவைப்பவர் யாருக்காக அதைச் செய்கிறார்? எல்லாவற்றையும் காண்பவன் ஒருவன் காண்கிறான் என்பதற்காகவும், முகமறியாத நோயாளி ஒருவர் அதனை நம்பிக் கையை நீட்டுகிறார் என்பதற்காகவும் அன்றோ!

வல்ல நாயன் நம் தராசுகளையும், நம் அலமாரிகளையும், கண்ணுக்குத் தெரியாத நம் வேலைகளையும் தூய்மையாக்கி, நம் வாணிபத்தில் பரக்கத்தை நல்குவானாக! நோயுற்ற நம் சகோதர சகோதரிகளுக்கு ஷிபாவை அருள்வானாக! ஆமீன்.